கணினி படிக்கப் போன பிள்ளைக்குக் கிரேக்க நாடகம் எதற்கு?

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்த மாணவருக்குக் கோடை விடுமுறையில் ஒரு படிவம் வரும். எந்தத் துறையில் சேரப் போகிறீர்கள் என்று பெரும்பாலும் அதில் கேட்டிருக்காது. முதலாண்டு செமினார், அதாவது ஒரு பொருளைச் சிறு குழுவாக விவாதித்துப் படிக்கும் வகுப்பு, அதற்கான தலைப்புகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்து, பிடித்த சிலவற்றை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லியிருக்கும். ஒரு தலைப்பு கொள்ளைநோய்களைப் பற்றியதாக இருக்கும். இன்னொன்று சிறைச்சாலைகளைப் பற்றியதாக இருக்கும். வேறொன்று முடிவிலி என்ற கணிதக் கருத்தைப் பற்றியதாக இருக்கும். கணினி அறிவியல் படிக்கும் நினைப்போடு விண்ணப்பித்த பிள்ளையும் வீட்டாரும் இதைப் பார்த்துத் திகைப்பது இயல்பு. இவ்வளவு செலவு செய்து அனுப்புவது இதற்காகவா என்று பெற்றோர் கேட்பதிலும் தவறில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் அந்தக் கல்லூரிகளின் பாடத்திட்டம் எப்படி அமைந்திருக்கிறது, ஏன் அப்படி அமைந்தது என்று அடியிலிருந்தே பார்க்க வேண்டும்.

என் கருத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு ஆண்டுப் படிப்பில் ஒரே ஒரு வகுப்பைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது நிபந்தனை போட்டால், நான் முதலாண்டு செமினாரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது இளநிலைப் பட்டப்படிப்புக்காகவே நடத்தப்படும் சிறிய கல்லூரி. பெரும்பாலானவற்றில் மொத்த மாணவர் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டாது. மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிப்பார்கள். ஆய்வு மாணவர்களை வைத்து வகுப்பை ஓட்டும் வழக்கம் இல்லாததால் முதலாண்டு வகுப்புக்கும் பேராசிரியரே வருவார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ் (1793), ஆம்ஹர்ஸ்ட் (1821), அயோவாவின் கிரின்னல் (1846), பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் (1864), மினசோட்டாவின் கார்ல்டன் (1866), கலிஃபோர்னியாவின் பொமோனா (1887) ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. அங்கே அறிவியல் கிடையாது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அது தவறு. இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எல்லாம் உண்டு. ஸ்வார்த்மோரில் பொறியியல்கூட உண்டு.

இனி கணக்கைப் பார்ப்போம். இந்தக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு செமஸ்டருக்கு நான்கு பாடங்கள். எட்டு செமஸ்டர்களுக்கு 32 பாடங்கள். இதில் மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்துக்குச் சுமார் பத்திலிருந்து பன்னிரண்டு வரை போகும். மேஜர் எது என்பதை இரண்டாம் ஆண்டின் இறுதிக்குள் அறிவித்தால் போதும். மீதம் இருபது பாடங்கள். ஸ்வார்த்மோரில் இது எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது: மேஜருக்கு வெளியே 20 பாடங்கள் படித்தாக வேண்டும். அந்த இருபது இடங்களில் எவற்றை, எந்த அளவுக்குக் கல்லூரி கட்டாயமாக்குகிறதோ அவைதான் பொதுக்கல்விப் பாடங்கள்.

பொதுப்பாடம் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரியில் படித்தவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப்பாடமும், பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி போன்றவை என்ற பிரிவுகள் நினைவிருக்கும். ஆனால் நம்மிடம் அந்தப் பகுதிகளின் பாடநூலும் வினாத்தாளும் எல்லோருக்கும் ஒன்றே. முதன்மைப் பாடமும் சேர்ந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அங்கே கல்லூரி எல்லையை மட்டும் வகுத்துத் தருகிறது. எல்லைக்குள் எதைப் படிப்பது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். பட்டப்படிப்பில் பாதிக்கு மேற்பட்ட பகுதி இப்படித் தேர்ந்தெடுத்ததாகவே இருக்கும்.

இந்த ஏற்பாடு நூறாண்டுகளுக்கு மேல் நடந்த இழுபறியில் உருவானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரியில் விருப்பப் பாடம் என்ற பேச்சே அனேகமாகக் கிடையாது. எல்லோரும் ஒரே பாடங்களை ஒரே வரிசையில் படித்தார்கள்: லத்தீன், கிரேக்கம், கணிதம், கடைசி ஆண்டில் கல்லூரித் தலைவரே நடத்தும் அறவியல். வழக்கொழிந்த மொழிகளை விட்டுவிட்டுப் பயனுள்ளதைச் சொல்லித்தரக் கூடாதா என்று கனெக்டிகட்டில் குரல் எழுந்தபோது, யேல் கல்லூரி 1828இல் ஓர் அறிக்கையை வெளியிட்டது. மனத்தைப் பயிற்றுவது ஒன்று, அதில் தகவலைச் சேர்ப்பது இன்னொன்று. கல்லூரிக்கு முதல் கடமை பயிற்றுவதே என்று அது வாதிட்டது. அந்த அறிக்கை காக்க நினைத்த கட்டாய லத்தீனும் கிரேக்கமும் பின்னாளில் மறைந்துவிட்டன. அதன் வாதம் மட்டும் இன்றைக்கும் ஒவ்வொரு கல்லூரியின் அறிமுகக் கையேட்டிலும் வேறு சொற்களில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட் முற்றிலும் எதிர்த் திசையில் நடந்தார். வயது வந்த இளைஞனுக்குத் தனக்கு எது தேவை என்று தெரியும் என்பது அவர் நம்பிக்கை. கட்டாயங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். 1890களின் இறுதியில் அங்கே மிஞ்சிய கட்டாயம் அனேகமாக ஒன்றுதான்: முதலாண்டு எழுத்துப் பயிற்சி. எல்லாவற்றையும் உதறிய மனிதர்கூட எழுதக் கற்பதை உதறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் மாணவர்கள் பலர் எளிய அறிமுகப் பாடங்களாகப் பொறுக்கி, எதிலும் ஆழம் இல்லாமல் பட்டம் பெற்றார்கள். 1909இல் பொறுப்பேற்ற லாரன்ஸ் லோவல் இதற்கு ஒரு தீர்வு கண்டார்: ஒரு துறையில் கணிசமான பாடங்கள், மற்றவை பல துறைகளில் பரவலாக. இன்று நாம் காணும் மேஜரும் பொதுக்கல்வியும் அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றல்கள்.

அதே காலத்தில் வேறொரு வழியும் பிறந்தது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரி 'தற்கால நாகரிகம்' என்ற பொதுப்பாடத்தைத் தொடங்கியது. எல்லா மாணவரும் அதே நூல்களை, சிறிய வகுப்புகளில், விவாதித்துப் படிக்க வேண்டும். போரால் கலங்கிய உலகத்தில் வாழப்போகும் இளைஞர்களுக்குப் பொதுவான ஒரு பேச்சுத் தளம் வேண்டும் என்பது அதன் நோக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் ஹார்வர்டும் பொதுக்கல்வி பற்றி ஒரு பெரிய அறிக்கையை வெளியிட்டது. ஒவ்வொரு பெரும் நெருக்கடிக்குப் பிறகும் இந்த விவாதம் புதிதாகக் கிளம்புவதைப் பார்க்கும்போது, பாடத்திட்டம் என்பது அலுவலகக் காரியம் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது. அடுத்த தலைமுறைக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு சமூகம் தனக்குள் போடும் சண்டை அது.

இன்று கல்லூரிகள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன.

முதல் வழியில் பாடங்கள் எல்லோருக்கும் ஒன்றே. இதன் கடைக்கோடியில் நிற்பது மேரிலாந்தின் அன்னபோலிஸிலும் நியூமெக்ஸிகோவின் சாண்டா ஃபேயிலும் உள்ள செயிண்ட் ஜான்ஸ் கல்லூரி. 1937 முதல் அங்கே மேஜரே கிடையாது. நான்கு ஆண்டும் எல்லோரும் மூல நூல்களையே படிக்கிறார்கள். முதலாண்டு கணித வகுப்பில் யூக்ளிடின் தேற்றத்தை மாணவர் கரும்பலகையில் நிறுவிக் காட்ட வேண்டும். ஒரேகானின் ரீட் கல்லூரி இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் 'ஹியூமானிட்டிஸ் 110' என்ற ஓராண்டுப் பாடத்தை முதலாண்டு மாணவர் அனைவரும் சேர்ந்து படிக்கிறார்கள்.

அந்த ரீட் பாடத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் அது பழைய கிரேக்கத்தையும் அதைச் சுற்றிய மத்தியதரைக் கடல் உலகத்தையும் மையமாகக் கொண்டிருந்தது. 2016இல் தொடங்கி மாணவர்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். விரிவுரை நடக்கும் அரங்கிலேயே பதாகைகளோடு அமர்ந்தார்கள். எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டு ஐரோப்பாவின் மூதாதையரை மட்டும் படிக்க வைப்பது சரியா என்பது அவர்கள் கேள்வி. ஆசிரியர்களுக்குள்ளும் கருத்து பிளந்தது. முடிவில், 2018இல், பாடத்திட்டம் மாறியது. பழைய மத்தியதரைக் கடல் உலகத்தோடு மெக்ஸிகோ நகரமும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியும் பாடமாகச் சேர்ந்தன. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஒரே நூலை எல்லோரும் படித்திருந்தால்தான் சாப்பாட்டுக் கூடத்திலும் அந்த வாதம் தொடரும். எந்த நூல் என்பதில் யாருடைய உலகம் இடம்பெறுகிறது என்பதும் சின்ன விஷயமில்லை.

இரண்டாவது வழிதான் பெரும்பான்மை. பாடங்களைத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சில படிக்க வேண்டும் என்று சொல்வது. வில்லியம்ஸில் மொழி மற்றும் கலைகள், சமூக அறிவியல், அறிவியல் மற்றும் கணிதம் என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மூன்று பாடங்கள். அவற்றோடு எழுத்துத் திறனுக்கு இரண்டு பாடங்கள், எண்சார்ந்த அல்லது தர்க்கமுறைச் சிந்தனைக்கு ஒன்று, மனிதர்களுக்கிடையிலான வேற்றுமை, அதிகாரம், சமத்துவம் பற்றி ஒன்று. ஸ்வார்த்மோரிலும் மூன்று மூன்றாக ஒன்பது பாடங்கள், ஆய்வகத்தோடு கூடிய ஓர் அறிவியல் பாடம், எழுத்துக்கு முக்கியத்துவம் தரும் மூன்று பாடங்கள், அயல்மொழி. பெரும்பாலும் ஒரே பாடத்தை இரண்டு நிபந்தனைகளுக்கும் சேர்த்துக் காட்டலாம். எழுத்து அதிகம் உள்ள ஒரு வரலாற்றுப் பாடம் சமூக அறிவியல் கணக்கிலும் எழுத்துக் கணக்கிலும் ஏறும். அதனால் பட்டியலைப் பார்க்கும்போது பயமுறுத்தும் அளவுக்கு நடைமுறையில் சுமை இருக்காது.

மூன்றாவது வழி திறந்த பாடத்திட்டம். 1969இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே ஆராய்ந்து எழுதிய அறிக்கை ஒன்றின் விளைவாக, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் சில பாடங்கள் படித்தாக வேண்டும் என்ற பரவல் நிபந்தனைகள் நீக்கப்பட்டன. அந்தக் காலத்தின் காற்று ஆம்ஹர்ஸ்டிலும் கிரின்னலிலும் வீசியது. இன்றும் அந்த இரண்டு கல்லூரிகளிலும் மேஜரைத் தவிர எல்லோருக்கும் கட்டாயம் என்று இருப்பது ஒரே ஒரு பாடம். அது எது என்று யோசித்துப் பாருங்கள். முதலாண்டு செமினார்தான். கிரின்னலில் அதற்கு 'டுட்டோரியல்' என்று பெயர். எல்லாக் கட்டாயத்தையும் கைவிட்ட கல்லூரிகள் கைவிடத் துணியாத ஒன்று என்ற வகையிலேயே அதன் மதிப்பு விளங்கும்.

அந்த வகுப்புக்குள் போய்ப் பார்க்கலாம். பன்னிரண்டிலிருந்து பதினாறு மாணவர்கள், ஒரு மேசையைச் சுற்றி. ஸ்வார்த்மோரில் உச்சவரம்பு 12, மேய்ன் மாநிலத்தின் பௌடனில் 16. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை கூடுவார்கள். பேராசிரியர் எந்தத் துறையிலிருந்தும் வரலாம். வேதியியல் பேராசிரியர் சாயங்களின் வரலாற்றை எடுப்பார், பொருளாதாரப் பேராசிரியர் மகிழ்ச்சியைப் பற்றி எடுப்பார். முன்னறிவு எதுவும் தேவையில்லை. வகுப்புக்கு வருமுன் படித்துவிட்டு வர வேண்டும். வந்தபின் பேச வேண்டும். பேராசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனம் ஒரு நிமிடம் நீண்டாலும் அவர் பதில் சொல்லி அதை நிரப்ப மாட்டார்.

தண்ணீரைப் பற்றிய ஒரு செமினார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரங்களில் 1854ஆம் ஆண்டு லண்டனுக்குப் போகலாம். பிராட் தெருவில் காலரா. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பெரும்பாலானவை ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றி இருப்பதைக் காட்டினார். நோய் கெட்ட காற்றால் பரவுகிறது என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. அந்த வரைபடம் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை? பம்புக்கு அருகில் இருந்தும் நோய் வராதவர்களை எப்படி விளக்குவது? இந்தக் கேள்விகளைக் கேட்க மருத்துவம் தெரிந்திருக்கத் தேவையில்லை. சான்று என்றால் என்ன என்று யோசிக்கத் தெரிந்தால் போதும்.

பிறகு கொலராடோ ஆறு. 1922இல் ஏழு மாநிலங்கள் கூடி அந்த ஆற்று நீரை மேற்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி எனப் பங்கிட்டன (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி). கணக்குக்கு அடிப்படையான ஆண்டுகள் வழக்கத்துக்கு மாறாக மழை மிகுந்தவை. ஆற்றில் இல்லாத தண்ணீரைப் பங்குபோட்ட அந்த ஒப்பந்தத்தின் விளைவை அந்தப் பகுதி இன்றுவரை அனுபவிக்கிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தை வரிவரியாகப் படிக்கும்போது, அங்கே வாழ்ந்த பழங்குடிகளின் உரிமையைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்லியிருக்கிறது என்று ஒரு மாணவர் கவனிப்பார். காவிரியைப் பற்றிக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் அந்த மேசையில் இருந்தால், மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் அவருக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது மிச்சிகனின் ஃபிளிண்ட் நகரம். செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காததால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் நீரில் கலந்தது. இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். மாணவர் முதல் வரைவில் 'அரசின் அலட்சியத்தால் மக்கள் பாதிக்கப்பட்டார்கள்' என்று எழுதிக் கொண்டுவருவார். பேராசிரியர் ஓரத்தில் கேட்பார்: யார் அந்த அரசு? நகரமா, மாநிலமா, மாநிலம் நியமித்த நிர்வாகியா? யாருக்கு எப்போது தெரிந்தது? மக்கள் தண்ணீர் நாறுகிறது என்று சொன்னபோது அது சான்றாக ஏற்கப்படவில்லை, ஒரு குழந்தை மருத்துவர் இரத்தப் பரிசோதனை எண்களைக் காட்டியபோது ஏற்கப்பட்டது, ஏன்? இரண்டாம் வரைவில் கட்டுரை வேறாகிவிடும். யாரும் மறுக்க முடியாத பொது உண்மையைச் சொல்லும் இடத்திலிருந்து, மறுக்கக்கூடிய ஒன்றைச் சான்றோடு நிலைநாட்டும் இடத்துக்கு அந்த மாணவர் நகர்ந்திருப்பார். இந்த நகர்வுதான் முதலாண்டு செமினாரின் முழு நோக்கம் என்று சொல்வேன். தண்ணீர் அதற்கு ஒரு சாக்கு. கொள்ளைநோயோ கிரேக்க நாடகமோ அந்த வேலையை அதே அளவுக்குச் செய்யும்.

எழுத்து வரைவு வரைவாக நகரும். முதல் வரைவைச் சக மாணவர் ஒருவர் படித்துக் கருத்துச் சொல்வார். பேராசிரியரைத் தனியாகச் சந்தித்துப் பேசும் நேரம் இருக்கும். நூலகர் ஒரு வகுப்புக்கு வந்து, ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடுவது, ஒரு மூலத்தை எப்படி எடைபோடுவது என்று காட்டுவார். கட்டுரை எழுத உதவும் எழுத்து மையம் அனேகமாக எல்லாக் கல்லூரியிலும் உண்டு, இலவசம். ஸ்வார்த்மோர் போன்ற இடங்களில் பயிற்சி பெற்ற மூத்த மாணவர்களே அந்த உதவியைச் செய்கிறார்கள்.

இன்னொரு பயன் பலர் கவனிக்காதது. கிரின்னலில் டுட்டோரியல் எடுக்கும் பேராசிரியரே, மாணவர் மேஜரை அறிவிக்கும் வரை அவருக்குக் கல்வி ஆலோசகர். வாரம் தவறாமல் உங்களைப் பார்க்கிறவர், நீங்கள் எழுதியதைப் படிக்கிறவர், எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்லப் போகிறார். வீட்டிலிருந்து பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி வந்த பிள்ளைக்கு, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பெரியவர் முதல் வாரத்திலிருந்தே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெற்றோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு குழப்பத்தை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். எல்லா முதலாண்டு செமினாரும் இந்த ரகம் இல்லை. தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1970இல் மாணவர் கலவரம் வெடித்தது. அதன்பின் மாணவருக்கும் கல்லூரிக்கும் இடையே நம்பிக்கையை வளர்க்க 1972இல் அங்கே ஒரு முதலாண்டுப் பாடம் தொடங்கப்பட்டது. நேரத்தைத் திட்டமிடுவது, தேர்வுக்குப் படிப்பது, கல்லூரி வாழ்க்கைக்குப் பழகுவது ஆகியவை அதன் உள்ளடக்கம். அது நாடெங்கும் பரவியது, குறிப்பாகப் பெரிய பல்கலைக்கழகங்களில். பயனுள்ளதுதான். ஆனால் ஹார்வர்ட் 1959இல் தொடங்கிய முதலாண்டு செமினார்களும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் செமினார்களும் ஒரு பொருளை ஆழ்ந்து ஆராய்பவை. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

இந்தக் கல்லூரிகளுக்கும் தமிழருக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. 1806இல் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் மழைக்கு வைக்கோல் போரடியில் ஒதுங்கிச் செய்த பிரார்த்தனையிலிருந்துதான் அமெரிக்க வெளிநாட்டு மிஷன் இயக்கம் வளர்ந்தது என்பார்கள். அந்த மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதன் முதல் தலைவரான டானியல் பூவர் நியூஹாம்ப்ஷயரின் டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். மதம் பரப்புவதுதான் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் கணிதமும் வானியலும் தர்க்கமும் ஆங்கிலமும் தமிழ் இலக்கியமும் ஒன்றாக இருந்தன. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பின்னர் கலித்தொகையை ஏடுகளிலிருந்து எடுத்து 1887இல் பதிப்பித்தார். ஏட்டுக்கு ஏடு பாடம் ஒப்பிட்டு, எது சரி என்று காரணம் சொல்லித் தேர்ந்தெடுக்கும் அந்த உழைப்பில் அந்தப் பரந்த படிப்பும் பங்களித்திருக்கும் என்று நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தியாவிலும் இப்போது இந்த வழி தெரியத் தொடங்கியிருக்கிறது. ஹரியானாவின் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் எல்லா மாணவருக்கும் அடிப்படைப் பாடங்கள் உண்டு. சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகமும் இதே திசையில் நடக்கிறது.

நம் பள்ளிகளிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வகுப்பில் எங்கே கடினமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் பெரும்பாலும் தடையாக இருக்காது. சில வாரங்களில் பழகிவிடும். ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசுவதுதான் தொண்டையில் சிக்கும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, 'நீங்கள் சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால்' என்று தொடங்க வேண்டும். அந்தப் பேராசிரியர் அதற்காகவே காத்திருக்கிறார், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதைப் புறப்படும் முன்பே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பல இடங்களில் வகுப்பில் பங்கேற்பதற்கும் கிரேடில் பங்கு உண்டு. வாயே திறக்காத அடக்கம் அங்கே கிரேடைக் குறைக்கும்.

அடுத்தது கருத்துத் திருட்டு. புத்தக வரியை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் தரும் தேர்வுமுறையில் வளர்ந்தவர்களுக்கு, அதே செயல் அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம் என்பது அதிர்ச்சியாக இருக்கும். ஒரு வரியை எடுத்தாலும், வரியை விட்டு ஒரு கருத்தை மட்டும் எடுத்தாலும், யாருடையது என்று குறிப்பிட வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது வகுப்புக்கு வகுப்பு மாறும். சிலபஸில் எழுதியிருக்கும், இல்லையென்றால் கேட்டுவிட வேண்டும். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற விளக்கம் எடுபடும் என்று எண்ண வேண்டாம்.

முதல் செமஸ்டரில் கிரேடு குறைந்துவிடுமோ என்ற அச்சத்தைக் கல்லூரிகளும் அறிந்தே வைத்திருக்கின்றன. ஸ்வார்த்மோரில் முதல் செமஸ்டர் பாடங்களுக்குத் தேர்ச்சி உண்டு அல்லது இல்லை என்று மட்டுமே பதிவாகும். துணிந்து தெரியாத பாடத்தை எடுத்துப் பார்க்கட்டும் என்பதற்காக.

பொதுக்கல்விப் பாடங்கள் எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. அறிவியல் பிடிக்காதவர்களுக்கென்றே கணிதத்தை வடிகட்டிவிட்டு நடத்தும் மேலோட்டமான அறிவியல் பாடங்கள் உண்டு. நிபந்தனையை நிறைவேற்றினால் போதும் என்று எளிதான பாடமாகத் தேடும் மாணவர்களும் உண்டு. நான்கு ஆண்டு முடிவில் ஒன்றோடொன்று ஒட்டாத பாடங்களின் குவியல்தான் கையில் மிஞ்சியது என்று சொல்கிற பட்டதாரிகளின் புகாரில் உண்மை இருக்கிறது. பட்டியலை நிரப்பும் வேலையாகப் பார்த்தால் அது அப்படித்தான் முடியும். எனக்குத் தெரிந்த நல்ல வழி, சந்தேகத்தில் இருக்கும் இரண்டு மூன்று மேஜர்களின் முதல் பாடங்களையே பொதுக்கல்வி இடங்களில் போட்டுப் பார்ப்பது. பொருளாதாரமா புள்ளியியலா என்று தயங்குகிறவர் இரண்டின் அறிமுகப் பாடத்தையும் முதலாண்டில் எடுத்தால் நிபந்தனையும் நிறைவேறும், தயக்கமும் தீரும்.

அறிவியல் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இயற்பியல், வேதியியல், பொறியியல், மருத்துவத்துக்கான முன்படிப்பு ஆகியவற்றில் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. கால்குலஸையும் அறிமுக வேதியியலையும் முதலாண்டில் தொடங்காவிட்டால் கடைசியில் நெருக்கடி வரும். இரண்டாம் ஆண்டு இறுதி வரை நேரம் இருக்கிறது என்ற வாக்குறுதி இலக்கியம், வரலாறு, அரசியல் போன்றவற்றுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். எனவே முதல் செமஸ்டரில் செமினார் ஒன்று, கணிதம் அல்லது அறிவியல் ஒன்று, மொழி ஒன்று, மனம் விரும்பும் பாடம் ஒன்று என்று எடுப்பது பாதுகாப்பானது. ஒரு கல்லூரி ஆண்டை மூன்றாகப் பிரித்து நடத்தினால் கணக்கு மாறும்: கார்ல்டனில் பத்து வாரப் பருவங்கள், பருவத்துக்கு வழக்கமாக மூன்று பாடங்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு கல்லூரியின் பாடக் கையேட்டிலும் பொதுக்கல்வி நிபந்தனைகள் பகுதியை எடுத்துப் படியுங்கள். ஓரிரு பக்கம்தான் இருக்கும், தரவரிசைப் பட்டியல்களைவிட அதிகம் சொல்லும். அயல்மொழி கட்டாயமா, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டா என்று பாருங்கள். பலமொழி அறிந்த மாணவருக்கு விலக்கு தரும் கல்லூரிகள் இருக்கின்றன. உடற்பயிற்சி கட்டாயமா என்று பாருங்கள். சில இடங்களில் நீச்சல் தேர்வுகூட உண்டு. செமினார் வகுப்பில் எத்தனை பேர், அந்தப் பேராசிரியரே ஆலோசகராக இருப்பாரா என்பதைக் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். அப்படிக் கேட்பதை அங்கே யாரும் தொந்தரவாக நினைப்பதில்லை.

கோடையில் அந்தப் படிவம் வரும்போது, மேஜரோடு ஒட்டியதாகத் தோன்றும் தலைப்பையே முதலிடத்தில் போடத் தோன்றும். கணினி படிக்கப் போகிறவர் அடுத்த நான்கு ஆண்டும் கணினியோடுதான் இருக்கப்போகிறார். முதலிடத்தில் பள்ளியில் யாரும் உங்களிடம் பேசியிராத ஒரு பொருளைப் போடுங்கள். இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கும் நிஜமாகவே படிக்க விரும்புவதையே எழுதுங்கள், ஏனென்றால் பல சமயம் அவற்றில் ஒன்றுதான் கிடைக்கும்.